நோயும் பேரிடர்தான்: நெல்லுக்கு விதி எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழக அரசின் வேளாண்மை, வருவாய்த் துறைகளிலும் ஒன்றிய வேளாண் அமைச்சகத்திலும் நிவாரண விதிகளையும் பயிர்க் காப்பீட்டு விதிகளையும் வகுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

எங்கள் ஊர் விவசாயிகள் சேர்ந்து கொடுத்த மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. சம்பா நெல்லில் ஏற்பட்டது நோய்த் தாக்குதல், அது இயற்கைப் பேரிடர் வரையறைக்குள் வராது, உரிய காலத்தில் பயிர்ப் பாதுகாப்பு நடவடிக்கை மேற்கொண்டிருக்க வேண்டும், எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது. பதிலின் சாரம் இவ்வளவுதான். பணம் கிடையாது என்பது எங்களுக்குப் புதிதில்லை. பயிர் போனதற்கு நீங்களே பொறுப்பு என்று அந்தப் பதிலுக்குள் ஒளிந்திருக்கும் குற்றச்சாட்டைத்தான் சும்மா விட முடியவில்லை. பதில் எழுதியவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் கையில் உள்ள விதி அப்படி. அதனால் விதியை எழுதுகிறவர்களுக்கு எழுதுகிறேன்.

நான் மன்னார்குடி வட்டத்தில் சாகுபடி செய்கிறேன். கொஞ்சம் சொந்த நிலம், மீதி கோயில் நிலக் குத்தகை. போன சம்பாவில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வரிசைதான் உங்கள் விதிகளின் கண்ணில் படாமல் போகிறது.

கார்த்திகையில் அடைமழை. நட்டு ஒன்றரை மாதப் பயிர், தோகை முங்கத் தண்ணீரில் நின்றது. வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் போக வழியில்லை. கணக்கெடுக்க வந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது தண்ணீர் வடிந்து, குருத்து பச்சை திரும்பியிருந்தது. ‘பயிர் எழுந்துடுச்சே’ என்றார்கள். 33 விழுக்காட்டுக்கு மேல் சேதம் இருந்தால்தான் நிவாரணப் பட்டியலில் பெயர் ஏறும். எங்கள் வயல்கள் அதற்குக் கீழே என்று முடிவானது. அந்த நாளை வைத்துப் பார்த்தால் அது பொய்க் கணக்கு இல்லை.

தண்ணீரில் நின்ற பயிரைத் தேற்ற வழக்கத்தைவிடக் கூடுதலாக யூரியாவும் பொட்டாசும் போடச் சொல்வார்கள். சொன்னார்கள், போட்டோம். தழைச்சத்து கூடின பயிர் தளதளவென்று வந்தது. அப்படி வரும் பயிரைத்தான் குலைநோய் பூஞ்சாணம் தேடி வரும் என்பது உங்கள் பயிர் நோயியல் துறையினருக்குத் தெரியாததா? மார்கழியில் வெயில் இல்லை. மேகமூட்டம், நசநசவென்று தூறல், விடிந்து வெகுநேரம் ஆன பிறகும் இலை நனைந்தே இருந்தது. இரவு குளிர்ந்து, காற்றில் ஈரம் ஏறி, இலை பத்து மணி நேரத்துக்கு மேல் நனைந்திருந்தால் அந்தப் பூஞ்சாணத்தின் வித்து இலைக்குள் இறங்கிவிடும். முதலில் இலையில் கண்கண்ணாகப் புள்ளி. மருந்தடித்தோம். அடித்த அன்று சாயங்காலமே தூறல். மறுபடியும் அடித்தோம். பால் பிடிக்கும் நேரத்தில் கதிரின் கழுத்து கறுத்தது. கழுத்து கறுத்த பிறகு தண்டிலிருந்து மணிக்கு எதுவும் ஏறாது. தூரத்திலிருந்து பார்த்தால் விளைந்த வயல் மாதிரி வெளுத்திருக்கும். வரப்பில் நின்று பார்த்தால் கதிர் ஒன்றுகூடத் தலை சாயாமல் நிமிர்ந்து நிற்கும். அத்தனையும் சாவி, மணி பிடிக்காத பதர். மாவுக்கு (மூன்று மா சேர்ந்தது ஓர் ஏக்கர்) எட்டு மூட்டை வர வேண்டிய இடத்தில் மூன்று வந்தது. போட்ட செலவுக்கு அது போதவில்லை.

இதில் எது மழைச் சேதம், எது நோய்ச் சேதம்? கார்த்திகைத் தண்ணீர் நிற்காவிட்டால் கூடுதல் யூரியா இல்லை. மார்கழி வெறித்திருந்தால் பூஞ்சாணம் இல்லை. நோய் என்று நீங்கள் எழுதுவது, இரண்டு மாதம் கழித்து வந்து சேர்ந்த மழைச் சேதத்தைத்தான். வெள்ளம் வந்த அன்று படகில் வந்து படம் எடுத்தால் அது பேரிடர். அதே வெள்ளம் தை மாதத்தில் கதிரின் கழுத்தைப் பிடித்தால் அது விவசாயியின் கவனக்குறைவு.

பேரிடர் நிவாரண நிதிக்கான பட்டியலைப் படித்துப் பார்த்தேன். புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனியும் குளிர் அலையும். பூச்சிக்கு இடம் இருக்கிறது. பூஞ்சாணத்துக்கும் பாக்டீரியாவுக்கும் இல்லை. வெட்டுக்கிளி தின்றால் பேரிடர், பாக்டீரியா இலைக்கருகல் நோய் தின்றால் இல்லை. இந்தப் பிரிவினைக்கு அறிவியல் காரணம் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

பட்டியலை மாற்ற முடியாது என்றும் சொல்ல முடியாது. மாநிலத்துக்கே உரிய பேரிடர் என்று அறிவித்து, மாநிலப் பேரிடர் நிதியில் 10 விழுக்காடு வரை செலவிட உங்கள் விதியே இடம் தருகிறது. அந்த வழியில்தான் 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது. நல்ல முடிவு. வெயிலில் சுருண்டு விழும் மனிதனைப் பேரிடரால் பாதிக்கப்பட்டவன் என்று ஏற்றுக்கொண்ட அரசு, அதே வானிலையில் சாகும் பயிரை ஏன் ஏற்கக் கூடாது?

‘அதற்குத்தான் காப்பீடு இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. நானும் நவம்பர் 15-க்குள் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று பிரீமியம் கட்டியவன்தான். (குத்தகைக்காரனுக்கு அடங்கல் வாங்குவது தனிக் கதை. அதற்கு இன்னொரு மடல் வேண்டும்.) 2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பூச்சியும் நோயும் காகிதத்தில் உண்டு. ஆனால் தனி வயலுக்குக் கிடையாது, ஊருக்கு மொத்தமாகத்தான். ஒரு வருவாய்க் கிராமத்தில் நான்கு இடத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்வார்கள். ஒவ்வொன்றும் 5 மீட்டருக்கு 5 மீட்டர். நான்கையும் கூட்டினால் 100 சதுர மீட்டர், இரண்டரை சென்ட் வரும். ஊரின் ஆயிரம் ஏக்கருக்கும் அந்த இரண்டரை சென்ட் தீர்ப்பு சொல்கிறது.

வறட்சிக்கு இது பொருந்தும். வறட்சி ஊரையே சேர்த்துக் காய வைக்கும். குலைநோய் அப்படி வராது. ஆந்திரா பொன்னி நட்டவன் வயலில் விழும், பக்கத்தில் வேறு ரகம் நட்டவனைத் தொடாமல் போகும். பள்ளக்காட்டில் பனி தங்கும் இடத்தில் தின்னும், மேட்டில் விட்டுவிடும். போன சம்பாவில் எங்கள் கிராமத்துப் பரிசோதனை வயல்களில் பாதி மேட்டுப் பக்கம் விழுந்தன. ஊருக்கு இழப்பு இல்லை என்று வந்துவிட்டது. ஊருக்கு இழப்பில்லை, எனக்கு மட்டும் நெல் இல்லை.

இதைவிட மோசமான ஒன்று உத்தரவாத மகசூல் கணக்கில் இருக்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் குறிப்பிட்ட விழுக்காட்டை உத்தரவாதமாக வைக்கிறீர்கள். ஊரின் விளைச்சல் அதற்குக் கீழே போனால்தான் இழப்பீடு. கெட்ட ஆண்டு எப்போதோ ஒருமுறை வந்த காலத்துக்கு இது நியாயமான கணக்கு, கெட்ட இரண்டைத் தள்ளிவிடலாம். இப்போது என்ன நிலைமை? 2018 நவம்பரில் கஜா புயல். 2020-ல் நிவர், புரெவி. 2021 ஜனவரியில் அறுக்கிற நேரத்தில் மழை. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடி அதே கதை. 2024-ல் ஜூன் 12-க்குத் திறக்க வேண்டிய மேட்டூர் அணை ஜூலை 28-ல் திறந்தது, ஆண்டுக் கடைசியில் ஃபெஞ்சல். 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் நனைந்து முளைத்தது. ஏழு ஆண்டில் தள்ளிவிட இரண்டு போதவில்லை. கெட்ட ஆண்டுகள் சராசரிக்குள் நுழைகின்றன, சராசரி இறங்குகிறது, உத்தரவாதமும் சேர்ந்து இறங்குகிறது. காலநிலை எங்களை எவ்வளவுக்கு அடிக்கிறதோ அவ்வளவுக்கு உங்கள் காப்பீடு எங்களிடமிருந்து விலகிப் போகிறது. பிரீமியம் மட்டும் விலகுவதில்லை.

இந்த விதிகளும் கல்லில் வெட்டியவை இல்லை. தனி வயல் இழப்புப் பட்டியலில் இருந்து நெல் வயலில் நீர் சூழ்தலை 2018-ல் எடுத்தீர்கள். 2025 நவம்பரில் அதைத் திரும்பச் சேர்ப்பதாக அறிவித்தீர்கள், காட்டு விலங்கு சேதத்தையும் சேர்த்து. பன்றி மேய்ந்த வயலைத் தனியாக அளக்க முடியும் என்றால் குலைநோய் தின்ற வயலையும் அளக்க முடியும். பன்றியாவது தடம் மாறிப் போகும். கழுத்துக் கறுத்த கதிர் அறுக்கும் வரை அங்கேயே நின்று சாட்சி சொல்லும்.

அறிவியல் கேட்பீர்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனப் பண்ணையின் பதிவுகளை வைத்து 2004-ல் வெளியான ஆய்வு, இரவு வெப்பநிலை ஒரு பாகை கூடினால் நெல் மகசூல் 10 விழுக்காடு குறைவதாகச் சொன்னது. பகல் வெயிலை எல்லோரும் பேசுகிறார்கள். நெல்லின் கதையை இரவுதான் முடிக்கிறது. வெப்பம் ஒரு பாகை ஏறினால் நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் பூச்சிகளால் வரும் இழப்பு 10 முதல் 25 விழுக்காடு கூடும் என்று 2018-ல் இன்னோர் ஆய்வு கணித்தது. பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்க நெல்லில் சேர்க்கும் எதிர்ப்பு மரபணுக்களில் சில, வெப்பம் கூடும்போது வலுக்குன்றிப் போவதும் நிரூபணமானதுதான். புயல் காற்றில் இலையோடு இலை உரசிக் கிழிந்த காயம் வழியேதான் அந்தப் பாக்டீரியா நுழைகிறது. புயல் சேதக் கணக்கில் கிழிந்த இலைக்கு எங்கே இடம்?

நெற்பழ நோயையும் சொல்ல வேண்டும். மணி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் பச்சையுமாக வெல்வெட் உருண்டை வரும். எங்கள் பெரியவர்கள் லட்சுமி நோய் என்பார்கள், கண்டால் அந்த வருடம் நல்ல விளைச்சல் என்று சந்தோஷப்பட்டார்கள். அன்று கதிருக்கு ஒன்றிரண்டு இருந்தது. இப்போது பூக்கும் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் கதிர் முழுக்க உருண்டை. உருண்டை கண்ணில் பட்ட பிறகு எந்த மருந்தும் கேட்காது. தொண்டைக் கதிர் பருவத்திலேயே அடித்திருக்க வேண்டும், அதாவது நோயே தெரியாதபோது. ‘உரிய காலத்தில் பயிர்ப் பாதுகாப்பு’ என்று எழுதினீர்களே, அந்த உரிய காலம் எது என்று எங்களுக்கு யார் சொல்வது?

சொல்ல ஆட்கள் இருந்தார்கள். வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் இருந்தன, நாடு முழுக்க 199. செவ்வாயும் வெள்ளியும் வட்டாரத்துக்கு ஏற்ற அறிவுரை செல்பேசிக்கு வரும். ‘அடுத்த நான்கு நாள் தூறல், இப்போது மருந்தடிக்காதீர்கள்’ என்ற ஒரு வரி, ஒரு டேங்க் மருந்துக் காசை மிச்சப்படுத்தும். அந்த அலகுகள் 2024-ல் மூடப்பட்டன. காலநிலை மாறுகிறது என்று மேடைதோறும் பேசும் நாட்டில், வானிலையை வயலுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர்களை வீட்டுக்கு அனுப்பிய முடிவை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. இன்று எங்கள் பயிர் டாக்டர் உரக்கடைக்காரர். அவரைக் குறை சொல்லவில்லை, அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் ‘இப்போது எதுவும் அடிக்காதே’ என்று சொல்லி எந்தக் கடைக்காரர் பிழைக்க முடியும்?

இதெல்லாம் டெல்டாவில் நாலு மாவட்டத்துக்காரன் பாடு என்று நினைத்துவிடாதீர்கள். கொள்முதல் நிலையத்தில் நாங்கள் போடும் சிப்பம்தான் அரவை ஆலைக்குப் போய் ரேஷன் கடையில் இலவச அரிசியாக இறங்குகிறது. விளைச்சல் குறைந்தால் அந்த அரிசியை வேறு மாநிலத்திலிருந்து வாங்கலாம், அங்கே விளைந்திருந்தால். 2022 மார்ச் வெயிலில் வடக்கே கோதுமை மணி சுருங்கியது. மே 13-ல் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டீர்கள். 2023 ஜூலை 20-ல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை. விலை ஏறும் என்ற பயம் வந்ததும் ஒரே இரவில் ஆணை பிறந்தது. நகரத்துத் தட்டுக்கு ஆபத்து என்றால் வானிலையை உடனே பேரிடராகப் பார்க்க உங்களுக்குத் தெரிகிறது. வயலில் பார்க்கத்தான் தெரியவில்லை.

பயிர் நோயை அரசுகள் சிறிதாக எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சாட்சி உண்டு. 1942 அக்டோபரில் வங்காளத்தைப் புயல் தாக்கியது. அந்தப் பருவத்தின் மேகமூட்டமும் மழையும் சேர்ந்து நெல்லில் பூஞ்சாணத்தால் வரும் செம்புள்ளி நோயைப் பரப்பின. சின்சுரா, பங்குரா ஆய்வுப் பண்ணைகளில் பல ரகங்களின் மகசூல் பாதிக்கும் கீழே விழுந்ததைப் பயிர் நோயியலாளர் பத்மநாபன் 1973-ல் எடுத்துக்காட்டினார். மறு ஆண்டில் வந்தது பஞ்சம். போர், விலையேற்றம், பதுக்கல், ஆங்கில அரசின் கல்நெஞ்சு எல்லாம் சேர்ந்து இலட்சக்கணக்கில் கொன்றன. பூஞ்சாணம் மட்டும் கொன்றது என்று யாரும் சொல்ல முடியாது, பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் அந்தக் கணக்கை வேறு விதமாகவே போட்டார். ஆனால் அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் 1946-ல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. இன்று கிடங்கில் அரிசி இருக்கிறது, ரேஷன் இருக்கிறது, 1943 திரும்பாது. அந்த நம்பிக்கைக்கு அடியில் இருப்பது, ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் மறுபடியும் நடுவோம் என்ற அனுமானம். எங்கள் தெருவில் அந்த அனுமானம் ஆட்டம் கண்டுவிட்டது. நிலத்தைச் சும்மா போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு: நோய்க்கு இளகிய ரகத்தையே திரும்பத் திரும்ப ஏன் நடுகிறீர்கள் என்று. வியாபாரி ஆந்திரா பொன்னியைத்தான் கேட்கிறார், சன்னத்துக்குத்தான் விலை. ஆந்திரா பொன்னியின் இன்னொரு பெயரான பி.பி.டி. 5204-இலேயே இலைக்கருகலைத் தாங்கும் மூன்று மரபணுக்களைச் சேர்த்து, மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்ற பெயரில் ஐதராபாத் விஞ்ஞானிகள் 2008-லேயே வெளியிட்டார்கள். நான் போகும் விதைக் கிடங்கில் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டால் ‘இண்டன்ட் போடணும்’, அதாவது மேலே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும் என்பார்கள். 1922 முதல் நெல்லுக்காகவே இருக்கும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் எங்களுக்கு அருகில்தான். அங்கே பிறக்கும் ரகம் நாற்றங்காலுக்கு வந்து சேர ஆகும் காலத்தில் பூஞ்சாணம் எத்தனையோ தலைமுறை மாறிவிடுகிறது.

இனி நாங்கள் கேட்பவை.

மாநில அரசிடம் முதலில்: வானிலையால் பரவும் பயிர் நோய்ப் பெருக்கத்தை, வெப்ப அலையை அறிவித்த அதே வழியில், மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவியுங்கள். குலைநோய், பாக்டீரியா இலைக்கருகல், நெற்பழ நோய் மூன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள், ‘இன்ன பிற’ என்று எழுதினால் எங்கள் வட்டத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். வெள்ளம் சூழ்ந்த வயல்களை அன்றோடு விட்டுவிடாமல் கதிர் வந்த பிறகு இரண்டாவது முறை கணக்கெடுக்க ஆணையிடுங்கள். ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்ற விதிப்படித் தொகை ஏக்கருக்கு ஏழாயிரத்துக்கும் கீழே. 2023 பிப்ரவரி மழைக்கு நீங்களே 20,000 கொடுத்தீர்கள். அதற்குக் குறையாமல் வேண்டும்.

ஒன்றிய அமைச்சகத்திடம்: நெல்லில் இந்த நோய்களைத் தனி வயல் இழப்பாகச் சேர்த்துக் காப்பீட்டு நெறிமுறையைத் திருத்துங்கள். 72 மணி நேரத்துக்குள் முறையிட வேண்டும் என்ற நிபந்தனை நோய்க்கு ஒத்துவராது, அறுவடைக்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் சொல்ல இடம் தாருங்கள். உத்தரவாத மகசூல் ஒருமுறை நிர்ணயித்ததற்குக் கீழே இறங்கக் கூடாது என்று விதி செய்யுங்கள். பரிசோதனை வயல்கள் எந்தச் சர்வே எண், என்ன ரகம், எத்தனை கிலோ என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். இரகசியம் காக்க அதில் ஒன்றும் இல்லை. மூடிய வேளாண் வானிலை அலகுகளின் வேலையை ஆட்களோடு திரும்பக் கொண்டு வாருங்கள், இந்த முறை நோய் முன்னெச்சரிக்கையைச் சேர்த்து. கொள்முதலில் 17 விழுக்காடு ஈரப்பதம் என்ற வரம்பைத் தளர்த்த ஒவ்வோர் ஆண்டும் மாநிலம் கடிதம் எழுதி, குழு வந்து, சாம்பிள் எடுத்து, ஆணை வருவதற்குள் நெல் முளைத்துவிடுகிறது. 2022 அக்டோபரில் 19 வரை வாங்கினீர்கள். மழைக்கால அறுவடைக்கு அதை நிரந்தர விதியாக்கி, நிலையங்களுக்கு உலர்த்தும் எந்திரம் கொடுங்கள்.

வேளாண்மைத் துறையிடம்: அடுத்த சம்பா விதைப்புக்கு முன், நோய் தாங்கும் சன்ன ரக விதை எந்தக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று வட்டாரவாரியாக வெளியிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்றாவது வெளியிடுங்கள்.

முடித்து வைத்த எங்கள் மனுவைத் திரும்பத் திறந்து, மேற்சொன்ன ஒவ்வொன்றுக்கும் முடியும், முடியாது, ஏன் முடியாது என்று எழுத்தில் பதில் தர வேண்டும். சம்பா காப்பீட்டுக்கான அறிவிக்கை வெளிவரும் முன்பே அது எங்கள் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் இந்த முறை பிரீமியம் கட்டுவதா, நடுவதா என்றே நாங்கள் முடிவு செய்யப்போகிறோம்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்திலிருந்து ஒரு சம்பா விவசாயி